விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

செப்டம்பர் நான்காம் தேதி, புதன்கிழமை, டீச்சர் பலகையில் ‘நிமித்தம்’ என்று எழுதினார்.

எங்கள் மாலை வகுப்பில் புதன்கிழமை கட்டுரை நாள். டீச்சர் ஒரு சொல்லைத் தருவார். அடுத்த புதனுக்குள் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் மொழித் தேர்வை எழுதித் தேறுவதற்காக நடக்கும் வகுப்பு அது. நாங்கள் பதினேழு பேர். எல்லோரும் பகலில் ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்கள். நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுக்கிறேன்.

“வேலை நிமித்தம் வர முடியலைன்னு லீவு லெட்டர்ல எழுதுவேனே டீச்சர், அதுவா?” என்று கேட்டார் பஸ் கண்டக்டர்.

“அது காரணம். பழைய நூல்கள்ல இதுக்கு வேற அர்த்தம். வரப்போறதை முன்னாலேயே காட்டிக் கொடுக்கிற அறிகுறி. நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும்.”

“சகுனம்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே டீச்சர்?”

“சகுனம்னு சொன்னா பதினேழு பேரும் பூனையைப் பத்தி எழுதிட்டு வருவீங்க. என்னால பதினேழு பூனையைத் திருத்த முடியாது.”

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு நிமித்தத்தை எழுதுங்கள், அது பலித்ததா என்றும் எழுதுங்கள் என்றார். நான் அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டேன். எனக்கு எதையும் குறித்துக்கொள்ளாவிட்டால் சரியாகக் கேட்டேனா என்ற சந்தேகம் வந்துவிடும். இந்த வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பத்து வரி நாட்குறிப்பு எழுதுகிறேன். கீழே வரும் தேதிகளெல்லாம் அதிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

வகுப்பு நடந்த கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி. தரைத்தளத்தில் பார்சல் அலுவலகம், முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவது மாடியில் சீருடை தைக்கும் பெண்கள், மூன்றாவது மாடியில் நாங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, தரைக்கடியில், தண்ணீர்ப் பம்பும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் ஓர் அறை. அந்தக் கட்டடம் முழுவதையும் மாலையில் கூட்டித் துடைப்பது என் அம்மா. இந்த வகுப்பைப் பற்றி எனக்குச் சொன்னதே அவள்தான். ‘நான் அந்தத் தரையைத்தான் துடைக்கிறேன். நீ போய் அங்க உட்காரு’ என்றாள்.

கட்டடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. இடுப்பில் இருபது முப்பது சாவிகள் தொங்க, அவர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அம்மா அவரைச் சாவிக்கொத்து என்பாள், அவர் காதுபட அல்ல. மே மாதம் பல் டாக்டர் அறை வாசல் கண்ணாடிக் கதவு அம்மாவின் வாளி இடித்து உடைந்தது. ‘இன்னொரு பொருள் உடைஞ்சுதுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்மா’ என்று அவர் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அதனால்தான் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஜூலை பன்னிரண்டாம் தேதி அம்மா என்னைக் கீழறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பம்புக்குப் பக்கத்தில் ஒரு தடித்த தூண். தூணும் சுவரும் சேரும் இடத்தில், முழங்கால் உயரத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு குறுக்காக ஒட்டியிருந்தது. இரண்டு முனையிலும் வெள்ளைச் சிமெண்டு. கண்ணாடியின் மேல் கறுப்பு மையில் ஜூன் நான்கு என்று எழுதியிருந்தது. அது நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

“மாப்புக் கட்டை இடிச்சிருச்சு போல,” என்றாள் அம்மா.

“இடிச்சியா?”

“இடிச்ச மாதிரிதான் இருக்கு.”

“மாதிரின்னா?”

“நான் என்னடி கனவா கண்டேன்? நேத்து இந்தப் பக்கம் துடைச்சேன். இன்னைக்கு வந்து பார்த்தா உடைஞ்சு கிடக்கு. என்னைத் தவிர இங்க யார் வர்றா, பேயா?”

அது எதற்கு ஒட்டியது என்று இருவருக்கும் தெரியாது. யாரோ ஒரு இன்ஜினியர் வந்து ஒட்டிவிட்டுப் போனதாகச் சாவிக்கொத்து சொல்லியிருந்தார். பம்பைப் பழுது பார்த்த தேதியாக இருக்கும் என்றாள் அம்மா. சுண்ணாம்பு அடித்த தேதியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கோடு போல விரிசல் இருந்தது. பெரும்பகுதி பழைய அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தது. பழைய கட்டடத்தில் விரிசல் இல்லாத சுவரை நான் பார்த்ததில்லை.

கடையில் வெட்டி மீந்த துண்டுகள் நிறையக் கிடக்கும். இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியில் அதே நீளம், அதே அகலம் அறுத்தேன். அதே கறுப்பு மையில் அதே கையெழுத்தில் ஜூன் நான்கு என்று எழுதினேன். அந்த நான்கின் வால் சற்று இடப்பக்கம் வளைந்திருந்தது. அதையும் வளைத்தேன். மறுநாள் வகுப்புக்கு முன் ஒட்டி முடித்தபோது அம்மா என் தலையைத் தடவி, ‘கெட்டிக்காரி’ என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைய பத்து வரியில் ஏழு வரி அதைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி அது மறுபடி உடைந்தது.

இந்த முறை அம்மா சத்தியம் செய்தாள். தூணைச் சுற்றி இரண்டு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தாளாம், மாப்பு அந்தப் பக்கமே போகவில்லையாம். ஆனாலும் நாற்காலியை இழுத்தபோது பட்டிருக்குமோ என்று அவளே கேட்டாள். நான் வேறு மாதிரி யோசித்தேன். என் அறுப்பில் கோளாறு இருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் அது பிறகு தானாகவே விரிசல் விட்டுவிடும். முதலாளி என்னை எத்தனையோ முறை அதற்காகத் திட்டியிருக்கிறார். இந்த முறை நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி எடுத்தேன். ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

அது ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி உடைந்தது.

அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று நாட்குறிப்பில் இருக்கிறது. தடித்த கண்ணாடி ஏழு நாளில் உடைகிறது என்றால் தவறு ஒட்டுவதில்தான் என்று முடிவுக்கு வந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்துக்குள் கண்ணாடியை இறுக்கிப் பொருத்தக் கூடாது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதற்கு ஏற்ப ஒரு பக்கம் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சிமெண்டு வைத்து இரு முனையையும் இறுக்கியதுதான் என் முட்டாள்தனம் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். ஆகவே மூன்றாவது துண்டை ஒரு முனையில் மட்டும் சிமெண்டு வைத்து ஒட்டினேன். மறு முனையில் ரப்பர் போல இழுபடும் சிலிக்கான் பசையைத் தடவி, மேலே கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டுத் தூளைத் தூவிவிட்டேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அதன்பிறகு அது உடையவே இல்லை.

செப்டம்பர் நான்காம் தேதி, டீச்சர் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிய அதே நாள், பகலில் இன்ஜினியர் வந்திருக்கிறார். டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்து, தேதியைப் பார்த்து, மூன்று மாதத்தில் சுவரில் அசைவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அம்மா அன்று வகுப்பு முடியும்வரை காத்திருந்து, படிக்கட்டிலேயே சொன்னாள். அசைவு என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம். இன்ஜினியரையே ஏமாற்றிவிட்டோம் அல்லவா.

இனி பதினோராம் தேதி.

ஆறரைக்குக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தோம். கண்டக்டருக்கு வலது கண் துடித்த அன்று டிக்கெட் பரிசோதகர் ஏறினாராம். “இடது கண் துடிச்ச அன்னைக்கு?” என்று டீச்சர் கேட்க, “அன்னைக்கும் ஏறினாரு டீச்சர், அவரு தினமும் ஏறுவாரு,” என்றார். அடுத்து என் முறை. ‘என் வாழ்க்கையில் இதுவரை எந்த நிமித்தமும் வந்ததில்லை. வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது’ என்று தொடங்கி எட்டு வரி. டீச்சர், “நேர்மையா இருக்கு. ஆனா ஒரு பக்கம் வரலையே,” என்றார். நான் உட்கார்ந்தேன்.

அடுத்து கொத்தனார் அண்ணன் எழுந்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்துப் படிப்பார்.

“சுவருக்கு வாய் கிடையாது. விழப்போகிறேன் என்று அது சொல்லாது. அதனால் நாங்கள் அதற்கு ஒரு வாய் வைப்போம். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் கெட்டியாகச் சிமெண்டு பூசுவோம். அதன் மேல் தேதி எழுதுவோம். விரிசல் பழையதாக இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மரம் வளைந்து கொடுக்கும். இரும்பும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கண்ணாடி வளையாது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் பார்த்த நிமித்தம் இதுதான். ஒருமுறை ஒரு கிடங்கில் கண்ணாடி உடைந்தது. முதலாளி கண்டுகொள்ளவில்லை. பதினோரு நாள் கழித்து அந்தச் சுவர் என் தம்பி மேல் விழுந்தது.”

யாரும் கை தட்டவில்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது மணி ஏழு ஐந்து. பலகைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைகள் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தன. ஜூன் நான்கு முதல் ஜூலை பன்னிரண்டு வரை முப்பத்தெட்டு நாள். ஜூலை பன்னிரண்டு முதல் ஆகஸ்ட் இரண்டு வரை இருபத்தொரு நாள். ஆகஸ்ட் ஒன்பது வரை ஏழு நாள், அதுவும் தடித்த கண்ணாடி. முப்பத்தெட்டு, இருபத்தொன்று, ஏழு. அதற்குப் பிறகு நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன். முப்பத்து மூன்று நாளாக அது என்ன சொல்ல முயன்றது என்று யாருக்கும் தெரியாது.

தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று முதலில் நினைத்தேன். நான் பெரும்பாலும் தப்பாகத்தான் புரிந்துகொள்வேன். அடுத்து, அம்மாவின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தினமும் ஏழு மணியிலிருந்து ஏழரைவரை அம்மா கீழறையைத் துடைப்பாள்.

இந்த வரிசையை மாற்றி எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த வரிசையில்தான் நினைத்தேன்.

ஏழு ஐந்திலிருந்து ஏழு ஒன்பதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு நிமிடம். அந்த நேரத்தில் நர்ஸ் அக்கா தன் கட்டுரையைப் படித்தார். ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. அவர் முடித்ததும் நான் கை தூக்கினேன்.

“அண்ணே, ஒரு சந்தேகம். உடைஞ்ச கண்ணாடியை யாராவது எடுத்துட்டு வேற ஒட்டிட்டாங்கன்னா?”

கொத்தனார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “எந்தக் கிறுக்கன்மா அப்படிச் செய்வான்?”

“ஒரு பக்கம் மட்டும் இழுபடுற மாதிரி ஒட்டினா?”

“அப்போ அது என்னத்துக்கு? சுவருக்குப் பொட்டு வெச்ச மாதிரிதான். ஏம்மா, எங்க பார்த்தே?”

“இங்கதான். கீழ, பம்பு ரூம்ல.”

“யார் ஒட்டினது?”

“நான்.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை என்னால் எழுத முடியவில்லை. பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “டீச்சர், எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போங்க. முன்பக்கப் படியில. ஓட வேணாம், நடக்கச் சொல்லுங்க. நீ வா.”

இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினோம். அவர் வழியெல்லாம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது மாடியில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் மாடியில் பல் டாக்டரின் கருவி கூவிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல இருந்தது.

கீழறையில் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பைக் கட்டையின் நடுவில் பிடித்துச் சின்னச் சின்னதாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூண் பக்கம் எதுவும் படக் கூடாது என்பதற்காக இரண்டு மாதமாக அப்படித்தான் துடைக்கிறாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“என்னடி, வகுப்பு விட்டாச்சா?”

கொத்தனார் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தைக் கண்ணாடியில் அடித்தார். ஒரு விரலால் அதைத் தொட்டார். ஆடும் பல்லைப் போல அது அசைந்தது. பிறகு தோளைக் கொடுத்து அலமாரியைத் தள்ளினார். அலமாரிக்குப் பின்னால் இருந்த விரிசலில் அவருடைய ஆள்காட்டி விரல் முதல் கணுவரை உள்ளே போனது.

அம்மா என் பக்கம் வந்து முழங்கைக்கு மேல் கிள்ளினாள். “சொல்லிட்டியா?” என்று காதோடு கேட்டாள்.

“அம்மா, வாளியை அங்கேயே வெச்சுட்டு வாங்க,” என்றார் கொத்தனார். குரலை உயர்த்தவே இல்லை.

“பாதித் தரை ஈரமா இருக்குப்பா. யாராவது வழுக்கி விழுந்துடுவாங்க.”

“விழ மாட்டாங்க. வாங்கம்மா.”

“இரு, இந்தப் பக்கத்தை மட்டும்—”

அப்போது தூணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. கடையில் கண்ணாடியைக் கட்டரால் கீறிவிட்டு விளிம்பில் வைத்து அழுத்தும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சொடுக்கு. எங்கள் கண் முன்னால் சுவரிலிருந்து மாவு போல வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கண்ணாடி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல், ஜூன் நான்கு என்ற தேதியோடு, அப்படியே இருந்தது.

அம்மாவின் கையை நான் பிடித்து இழுத்தேன். மாப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவள் வந்தாள்.

தரைத்தளத்தில் சாவிக்கொத்து எதிரே நின்றார். மேலேயிருந்து எங்கள் வகுப்பு இறங்குவதைப் பார்த்துக் குழம்பிப்போயிருந்தார்.

“என்னய்யா நடக்குது? யார் இவங்களை அனுப்பினது?”

“கட்டடத்தைக் காலி பண்ணுங்க சார். தூண் போகுது,” என்றார் கொத்தனார்.

“நீங்க யாரு?”

“கொத்தனார்.”

“கொத்தனார்! இன்ஜினியரே போன வாரம் வந்து பார்த்து, அசைவு இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. கண்ணாடி உடையலை. காகிதம் என் மேஜையில இருக்கு. வேணுமா, காட்டவா?”

அந்தக் காகிதம் சரியானது. இன்ஜினியர் கண்டதைத்தான் எழுதியிருந்தார். அதைப் பொய்யாக்க என் ஒருத்தியால்தான் முடியும். அம்மா என் பக்கத்தில் மாப்போடு நின்றுகொண்டிருந்தாள். தலையை மிக மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். சொல்லாதே.

“சார், அது இன்ஜினியர் ஒட்டின கண்ணாடி இல்லை,” என்றேன். “அது மூணு தடவை உடைஞ்சது. மூணு தடவையும் நான் வேற ஒட்டினேன். தேதியை நான்தான் எழுதினேன். கடைசியா ஒட்டினது எப்பவும் உடையாது சார். உடையாத மாதிரி ஒட்டியிருக்கேன்.”

சாவிக்கொத்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அவர் அம்மாவைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. திரும்பிப் படியில் ஓடினார். எனக்குத் தெரிந்து அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சாவிகளின் சத்தம் முதல் மாடிக்குப் போனது, இரண்டாவது மாடிக்குப் போனது. பார்சல் அலுவலகத்துக் கதவை நானும் நர்ஸ் அக்காவும் தட்டினோம். உள்ளே இருவர் இருந்தார்கள். ‘அஞ்சு நிமிஷத்துல வர்றோம்’ என்றார்கள். நர்ஸ் அக்கா ஒருவரின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே கொண்டு வந்தார், மற்றவர் பின்னாலேயே வந்தார்.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம். தையல் பெண்கள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார்கள். ஒரு பெரியவர் வாய் நிறையப் பஞ்சோடு, கழுத்தில் நீலத் துணி கட்டியபடி, பல் டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏதோ கோபமாகச் சொன்னார், யாருக்கும் புரியவில்லை. டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து எங்கள் எண்களைக் கூப்பிட்டார். பதினேழு வந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் பதினேழு.

கடைசியாகச் சாவிக்கொத்து வந்தார். சாலையின் நடுவில் நின்று திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது மாடியில் எங்கள் வகுப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பலகையின் ஒரு மூலைகூடத் தெரிந்தது.

ஒரு தையல்காரப் பெண், “என்னக்கா, டீ குடிக்கிற நேரத்துக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க,” என்றாள். யாரோ சிரித்தார்கள். தப்பு செய்துவிட்டேனோ, பிழையாகச் சொல்லி எல்லோரையும் தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று எனக்குக் காது சூடேறியது. அந்த நிமிடத்தில் கட்டடம் விழ வேண்டும் என்று நான் விரும்பினேன். இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஆனாலும் விரும்பினேன்.

ஏழு முப்பத்தெட்டுக்கு விழுந்தது.

முழுவதும் இல்லை. பின்பக்கம் மட்டும். முதலில் விளக்குகள் அணைந்தன. பிறகு நாங்கள் நின்ற நடைபாதை அடியிலிருந்து ஒருமுறை உயர்ந்து இறங்கியது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. நானும் கொத்தனாரும் அரை மணி நேரத்துக்கு முன் இறங்கி வந்த படிக்கட்டும் அதற்கு மேலிருந்த மூன்று மாடி மூலையும் உட்கார்வது போலக் கீழே போயின. வெள்ளைப் புழுதி தெருவை மூடியது. ஒரு நிமிடம் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கூடத் தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. பதினேழு பேர், தையல் பெண்கள், பார்சல்காரர்கள், யாருமே கத்தவில்லை. வாயில் பஞ்சு வைத்திருந்த பெரியவர் மட்டும் பஞ்சைத் துப்பிவிட்டு, “கடவுளே,” என்றார்.

புழுதி அடங்கியதும் கீழறை இருந்த இடத்தைப் பார்த்தேன். அம்மாவின் மஞ்சள் வாளியைத் தேடினேன். எங்கும் காணோம்.

தீயணைப்பு வண்டி ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்தது. அதிகாரி ஒருவர் கையில் அட்டையோடு, யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் கொத்தனாரைக் காட்டினார்கள். கொத்தனார் என்னைக் காட்டினார்.

நான் எழுந்து நின்று, தேதிகளை வரிசையாகச் சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டே வந்து, மூன்றாவது துண்டில் நிறுத்தினார்.

“உடையாத மாதிரின்னா?”

ஒரு முனையில் சிலிக்கான் பசை என்றேன். மேலே தூவிய சிமெண்டுத் தூளையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், எழுதினார்.

“முதல்ல உடைஞ்ச மூணும் எப்படி உடைஞ்சது?”

“சுவர் நகர்ந்துதான் சார். தானா உடைஞ்சது.”

எனக்குப் பின்னால் அம்மா நடைபாதை விளிம்பில், மாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை, புருவம் எல்லாம் வெள்ளை.

“தானா உடைஞ்சுதா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

“மூணுமா?”

“மூணும்தான்.”

“என் மாப்பு படலையா?”

“படலைம்மா. உன் மாப்பு ஒண்ணையும் தொடலை.”

அம்மா எழுந்து நின்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். அந்தத் தெருவில், அந்தப் புழுதியில், விழுந்து கிடந்த சுவரைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல் பெண் ஒருத்தி தன் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“நான் உடைக்கலையாம்,” என்றாள் அம்மா நர்ஸ் அக்காவிடம். டீச்சரிடம் போனாள். “டீச்சரம்மா, நான் உடைக்கலை.” சாவிக்கொத்திடம் போனாள். அவர் சாலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, அது எந்தக் கதவுக்கானது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், நான் உடைக்கலை சார். ரெண்டு மாசமா நான்தான்னு நெனச்சுட்டு இருந்தேன் சார்.”

“சரிம்மா,” என்றார் அவர். “சரிம்மா, சரிம்மா.”

நான் அம்மாவின் தோளைப் பிடித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அவள் ஒன்றும் உடைக்கவில்லை. நான்தான் அவளுக்காக மூன்று முறை மண்டியிட்டு, அவள் தினமும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுவர் அவளைக் கொல்ல வருகிறது என்ற செய்தியை அழகாக மூடி வைத்தேன். அதை அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அம்மா என் கையை உதறிவிட்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். மாப்பைத் தரையில் ஊன்றினாள்.

“எழுதிக்கோங்க சார். நான் உடைக்கலை. அதையும் எழுதிக்கோங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அட்டையைத் திருப்பிப் பிடித்து, அதையும் எழுதினார்.